மேனேஜரிடம் கேட்டுவிட்டு

அந்த வாரம் அக்காவுக்கு எங்களை எல்லாம் கால்களை வைத்துத்தான் அடையாளம் தெரியும். என்னை மெட்டியை வைத்து. என் கணவரை, ஜெபல் அலி கிடங்கின் தூசி ஒட்டிய சாக்ஸை வைத்து. ஆறு மாதமான என் மகளை மட்டும்தான் முகத்தை வைத்து. அவள் தரையில் விரித்த பாயில் மல்லாந்து கிடப்பாள். அக்கா சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து குனிந்திருப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அக்காவுக்கு ஒரு கண்ணில் விழித்திரை கிழிந்து, அறுவை சிகிச்சை நடந்திருந்தது. உள்ளே ஒரு வாயுக் குமிழை வைத்திருந்தார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டுமானால் தலை குனிந்தே இருக்க வேண்டும், சாப்பிடும்போதும் உறங்கும்போதும்கூட. குமிழ் கரையும்வரை விமானத்தில் ஏறவே கூடாது. உயரத்தில் அது பெருத்துக் கண்ணைக் கெடுத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அக்கா என்று சொல்கிறேனே தவிர, அவர் அயர்லாந்துக்காரர். துபாய் அல் குசைஸில் எங்கள் கட்டிடத்தில், எதிர் ஃபிளாட். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. முதல் நாளே தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். என்னைவிட இருபது வயது மூத்தவரை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? ஒருநாள் என்னை அறியாமல் 'அக்கா' என்று வாயில் வந்துவிட்டது. அர்த்தம் கேட்டார், சொன்னேன். "இனிமே அதுதான் என் பேரு" என்றார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் என் நினைவில் அவர் தமிழில் பேசுகிறார், அப்படியே எழுதுகிறேன்.

பழக்கமானது ஒரு நெருப்பு அலாரத்தால். என் பிரசவத்துக்கு வந்திருந்த அம்மா விசிட் விசா முடிந்து ஊருக்குத் திரும்பிய வாரம் அது. கணவர் டூட்டிக்குப் போயிருந்தார். திடீரென்று அலாரம் அடித்தது. எங்கள் கட்டிடத்தில் அது அடிக்கடி அடிக்கும், பெரும்பாலும் யாராவது மீன் வறுத்ததாக இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பாஸ்போர்ட் எல்லாம் வைத்த ஃபைல், கக்கத்தில் பால்புட்டி கொதிக்கவைக்கும் பாத்திரம் என்று படிக்கட்டில் நின்றேன். லிஃப்டில் போகக்கூடாது என்று படித்திருந்தேன். ஆனால் இத்தனையையும் வைத்துக்கொண்டு எப்படி இறங்குவது என்று எதிலும் படித்ததில்லை.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "பாத்திரம் எதுக்கும்மா? கீழ போய் சமைக்கப் போறியா?"

நான் அழுதுவிட்டேன். அவர் ஃபைலையும் பாத்திரத்தையும் வாங்கிக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்தார். "நீ புள்ளையப் பிடி. நான் உன்னைப் பிடிக்கறேன்." அப்படியே இறங்கினோம்.

நான் இன்ஜினியரிங் படித்தவள். எந்தக் காரியத்தையும் செய்துவிட்டு, சரியாகத்தான் செய்தோமா என்று மூன்று இடத்தில் தேடிப்பார்ப்பவள். குழந்தை பிறந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. தும்மினால் தேடுவேன், தும்மாவிட்டாலும் தேடுவேன். அலாரத்துக்குப் பிறகு, தேடுவதற்கு முன் எதிர்க் கதவைத் தட்டுவது பழக்கமாயிற்று. அக்காவுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆனால் வகுப்பு வகுப்பாக வளர்த்தவர். "இது ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்வதற்கு ஒரு தனி ராகம் உண்டு. அதைக் கேட்கவே நான் சில சமயம் போவேன்.

பள்ளி விட்டு வந்ததும் அக்கா அயர்லாந்தில் இருக்கும் தன் அப்பாவுக்கு வீடியோ கால் போடுவார். அந்த நேரத்தில் என் மகள் அவர் மடியில் இருப்பாள். அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் மகன், அதாவது அக்காவின் தம்பி. போனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியும் அவருக்கு வரவில்லை. திரையில் நெற்றியும் ஒரு வெள்ளைப் புருவமும்தான் தெரியும். என் மகள் அந்தப் புருவத்தையே முறைத்துப் பார்ப்பாள்.

"யாரு இது, புது மேனேஜரா?" என்று கேட்டார் அவர் முதல் நாள். "பாக்கற பார்வையப் பாத்தா என்னை வேலைய விட்டே தூக்கிடுவாங்க போலயே."

அன்றிலிருந்து அவள் மேனேஜர். அவர் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதி புரியாது. அக்கா அதை எனக்குப் புரிகிற ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வார். தினமும் ஒரே பேச்சுதான். "இங்க மழை. அங்க?" "வெயில்ப்பா." "அடக் கடவுளே" என்பார், துபாயில் வெயில் அடிப்பதை அன்றுதான் கேள்விப்பட்டவர் மாதிரி. முடிக்கும்போது, "மேனேஜர், நான் போகலாமா?" என்று கேட்பார். குழந்தை ஏதாவது சத்தம் போட்டால்தான் வைப்பார். ஒருநாள் அவள் மடியிலேயே தூங்கிவிட்டாள். தம்பி வந்து போனைப் பிடுங்கும்வரை அவர் லைனிலேயே இருந்தார்.

"எங்க ஆளுங்க யாரும் சட்டுனு போக மாட்டோம்" என்று அக்கா சிரித்தார். "போறேன்னு எந்திரிச்சு வாசல்ல அரை மணி நேரம், அப்புறம் கார்கிட்ட அரை மணி நேரம்."

"எங்க ஊர்லயும் அப்படித்தான் அக்கா" என்றேன் நான். அதற்கு எங்களிடம் ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்ல அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் மாதம் கண் ஆபரேஷன் நடந்தபோது, துபாயில் இருக்கும் அயர்லாந்துக்காரர்களை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. ஒருவர் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார், ஒருவர் இரவுச் சாப்பாடு கொண்டுவந்தார், ஒருவர் துணி துவைத்துப் போட்டார். பாதிப் பேருக்கு அக்காவை முன்பின் தெரியாது. நம் ஊர்க்கார ஒருத்திக்குக் கண் ஆபரேஷன் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. பகலில் சொட்டு மருந்து போடுவது என் பொறுப்பு. நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். போனில் அலாரம் வைத்து, கையைக் கழுவி, மறுபடியும் கழுவி, போவேன். அப்போது மட்டும்தான் அக்காவின் முகம் சில நொடிகள் மேலே திரும்பும். மற்ற நேரமெல்லாம் எனக்கு அவருடைய பின்னங்கழுத்துதான்.

செவ்வாய்க்கிழமை குழந்தைக்கு மூக்கு லேசாக ஒழுகியது. ஆபரேஷன் ஆன கண்ணுக்கு ஏதாவது தொற்றிவிட்டால் என்ன செய்வது என்று அவளைக் கூட்டிப் போகவில்லை. கணவர் அவளைப் பார்த்துக்கொள்ள, நான் முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு போய் மருந்து மட்டும் போட்டுவிட்டு வந்தேன்.

புதன்கிழமை காலை நான் போனபோது அக்கா கட்டிலில் குப்புறப் படுத்து, விளிம்பில் முகத்தைத் தொங்கவிட்டிருந்தார். போன் கீழே தரையில் கிடந்தது.

"அப்பா போயிட்டாரு" என்றார் தரையைப் பார்த்து. "தூக்கத்துலயே. தம்பி டீ கொண்டுபோய்க் குடுக்கும்போதுதான் பாத்திருக்கான்."

நான் தரையில் உட்கார்ந்தேன். கட்டிக்கொள்ளலாமா, தலை அசைந்துவிடுமோ என்று தெரியவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஊருக்குப் போக முடியாது என்பதை இருவருமே சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அழுதா கண்ணுக்கு ஏதாவது ஆகுமா? கேட்டுச் சொல்றியா?" என்றார்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அங்கிருந்த மலையாள நர்ஸ் நான் கேட்டதை இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். பிறகு, அழலாம், கண்ணை அழுத்தித் தேய்க்கக்கூடாது, தலையை நிமிர்த்தக்கூடாது என்றார். அக்காவிடம் சொன்னேன். அதுவரை அடக்கி வைத்திருந்தவர், அதற்குப் பிறகுதான் அழுதார்.

வெள்ளிக்கிழமை அங்கே மாதா கோயிலில் அடக்கப் பூசை. அதை கேமராவில் நேரடியாகக் காட்டுவார்கள். இங்கே மதியம் இரண்டு மணி. அந்த நேரத்தில் இங்குள்ள அயர்லாந்துக்காரர்கள் எல்லாரும் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று அந்த வாட்ஸ்அப் குழுவில் முடிவாகியிருந்தது. வியாழக்கிழமை நான் மருந்து போடும்போது அக்கா கேட்டார்:

"நாளைக்கு மேனேஜரக் கூட்டிட்டு வர்றியா? வர்றவங்க எல்லாரோட ஷூவத்தான் நான் பாக்கப் போறேன். அப்பாவைக் கொண்டுபோற நேரத்துல பாக்கறதுக்கு ஒரு முகமாவது வேணும்."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் யோசித்தேன்.

மாமியாரிடம் போனில் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு மறைக்கத் தெரியாது.

"ஏம்மா, படிச்ச புள்ளதானே நீ?" என்றார் அத்தை. "பச்சப் புள்ளயத் தூக்கிட்டு எழவு வீட்டுக்குப் போவாங்களா? அதுவும் வெள்ளிக்கிழம."

"பிணம் இங்க இல்ல அத்தை. அங்க அயர்லாந்துல இருக்கு. இங்க டிவில பாக்கறாங்க, அவ்வளவுதான்."

"பிணம் எங்க இருந்தா என்ன? அழுவுற இடம் அதுதானே?"

அவர் சொன்னது ஒரு வகையில் சரி என்றுகூடத் தோன்றியது. கணவரிடம் கேட்டேன். "எனக்கு நாளைக்கு டூட்டி. நீ பாத்து முடிவு பண்ணு" என்றார். அது எனக்குக் கொடுத்த சுதந்திரமா, என் தலையில் கட்டியதா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. இவள் யாருக்காவது ஆறுதலாக இருக்க முடியுமென்றால் அது இந்த வயதில்தான், இன்னும் ஒரு வருஷம் போனால் பாயில் கிடக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இப்படி நினைத்ததே குத்துமே என்றும் நினைத்தேன்.

காலையில் இட்லி ஊற்றினேன். துக்க வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கா இட்லியில் வெண்ணெயும் ஜாமும் தடவித் தின்பவர். தாளித்த வாசனை வரக்கூடாது என்று சட்னியை விட்டுவிட்டேன். குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு ஒன்று வைத்தேன். போதாதென்று உள்ளங்காலிலும் ஒன்று வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிகள் சீக்கிரம் விட்டுவிடும். ஒரு மணிக்கெல்லாம் அக்கா வீடு நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு தட்டு, மேலே ஃபாயில் பேப்பர். முட்டை சாண்ட்விச், கேக், மறுபடியும் முட்டை சாண்ட்விச். சமையலறையை ஒரு அயர்லாந்து நர்ஸ் அம்மா கைப்பற்றியிருந்தார். ரொம்ப வருஷமாக துபாயில் இருப்பவர், நரைமுடி. கெட்டில் அணையவே இல்லை. டீ வேண்டாம் என்று நான் சொன்னபோது, அந்த மொழியே தனக்குத் தெரியாது என்பதுபோல் ஒரு கோப்பையை என் கையில் வைத்தார்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக அக்காவிடம் போய், தொங்கிக்கொண்டிருந்த கையைப் பிடித்து, ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "உன் துக்கத்துக்கு வருத்தப்படறேன்." வேறு எதுவும் புதிதாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் துக்க வீட்டில் கைகொடுப்பதும் இப்படித்தானே என்று தோன்றியது. அக்கா ஒவ்வொரு காலணியையும் பார்த்து நன்றி சொன்னார்.

நர்ஸ் அம்மா ஜன்னலைத் திறந்தார். எங்கள் கட்டிடத்து ஜன்னல் ஒரு சாண்தான் திறக்கும். அந்த ஒரு சாணுக்குள் ஜூன் மாத வெக்கை முழுவதும் உள்ளே வந்தது.

"எதுக்கு?" என்றார் ஒருவர். சைட் இன்ஜினியர், வாசல் நிலையில் இடிக்கிற உயரம். "ஏசி வீணாப் போகுது."

"ஆத்மா வெளிய போகணும்ல."

"அவர் செத்தது அயர்லாந்துல. இங்க எதுக்கு ஜன்னல்?"

"ஏன், பொண்ணைப் பாத்துட்டுப் போக மாட்டாரா?" என்றார் நர்ஸ் அம்மா. ஜன்னல் திறந்தே இருந்தது.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அக்காவிடம் போனேன். மெட்டியைப் பார்த்ததும், "வந்துட்டியா" என்றார். பாயை விரித்துக் குழந்தையைக் கிடத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேலே தெரிந்த முகம், ஒரு கண்ணில் மூடி போட்டது, அவளுக்குப் பழகியதுதான். காலை உதைத்துச் சிரித்தாள்.

இரண்டு மணிக்கு டிவியில் கோயில் தெரிந்தது. கேமராவை உயரத்தில் எங்கோ பொருத்தியிருந்தார்கள் போல. மனிதர்களின் பின்தலைகளும் நடுவில் பெட்டியும் மட்டும் தெரிந்தன. அக்காவுக்காக அதே காட்சியைப் போனிலும் வைத்து, பாய்க்குப் பக்கத்தில் தரையில் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாரும் டிவியைப் பார்த்து நின்றார்கள். அக்கா மட்டும் தரையை.

குழந்தை போனைப் பிடிக்கப் புரண்டாள். நான் எழுவதற்குள் அந்த உயரமானவர் குனிந்து போனைத் தள்ளி வைத்தார். குனிந்தவர் அப்படியே அவளிடம் விரலைக் கொடுத்துவிட்டார். அவள் விடவில்லை. வேறு வழியில்லாமல் கோட்டும் டையுமாகத் தரையில் உட்கார்ந்தார். முட்டி சொடக்குப் போட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"அட, நீயா?" என்றார் அக்கா. "இன்னைக்குத்தான் உன் மூஞ்சியப் பாக்கறேன். தலையில முடியெல்லாம் எங்க போச்சு?"

"மேலேர்ந்து பாத்தா அப்படித்தான் தெரியும்."

"கீழேர்ந்து பாத்தாலும் அப்படித்தான்" என்றார் சமையலறையிலிருந்து நர்ஸ் அம்மா, வந்து அவரும் உட்கார்ந்தார். பிறகு ஒரு இளம் ஆசிரியை. பிறகு அறையே தரைக்கு இறங்கிவிட்டது. நாற்காலிகள் காலியாக நின்றன. பாயைச் சுற்றி உட்கார்ந்து, காலை எப்படி மடக்குவது என்று தெரியாமல் நீட்டிக்கொண்டும் மண்டியிட்டுக்கொண்டும், பூசையில் மக்கள் சொல்லும் பதில்களை அவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

பெட்டியைத் தூக்கியபோது அங்கே வெளியே குடைகள் விரிந்தன. "மழை" என்றார் அக்கா. ஒரு சொட்டுக் கண்ணீர் நேராகக் கீழே விழுந்து, குழந்தையின் கன்னத்தில், பொட்டுக்குப் பக்கத்தில் பட்டது. அவள் திகைத்துக் கண்ணை மூடித் திறந்தாள். அந்தக் கண்ணீரில் சொட்டு மருந்து கலந்திருக்குமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஈரத் துணியால் துடைத்தேன். துடைத்த பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பூசை முடிந்ததும் கதைகள் தொடங்கின. அக்கா குனிந்தபடியே சொன்னார். அப்பா ஒருநாள் வழியில் யாருடைய ஆடுகளோ சாலைக்கு வந்துவிட்டன என்று, பேருந்தில் இருந்த பிள்ளைகளை எல்லாம் இறக்கி ஆடு மேய்க்க விட்டதை. தாமதத்துக்குக் காரணம் கேட்ட தலைமையாசிரியரிடம், "இன்னைக்குப் பாடம் ரோட்டுலயே நடந்துடுச்சு" என்று சொன்னதை. எல்லாரும் விழுந்து சிரித்தார்கள். அவரைப் பார்த்தேயிராதவர்கள், தங்கள் அப்பாக்களைப் பற்றிச் சொன்னார்கள். அந்த உயரமானவர் தன் அப்பாவின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அம்மா அவர் முதுகில் கையை வைத்தார்.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, துக்க வீட்டில் சிரித்தோமே என்று முழித்தேன்.

குழந்தைக்குப் பசி நேரம். சிணுங்கத் தொடங்கினாள். அக்கா களைத்துப்போய் முன்னாலிருந்த ஸ்டூலின் தலையணையில் நெற்றியைச் சாய்த்திருந்தார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பாயை விட்டுவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன். எங்களிடம் அப்படித்தான். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு அந்த வீட்டு வாசலை மிதிப்பேன் என்று ஆகிவிடும். அந்த ஒன்றையாவது அன்று பிழையில்லாமல் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். வந்ததும் இருவருக்கும் தலைக்கு ஊற்றினேன். பால் கொடுத்தேன்.

தலையில் துண்டோடு இருந்தபோது மணி அடித்தது. திறந்தால் அக்கா. சுவரைத் தடவித் தடவி, குனிந்தபடியே வந்திருக்கிறார். பின்னால் நர்ஸ் அம்மா, பிடிப்பதற்குத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டு.

"நாங்க சிரிச்சது உனக்குப் பிடிக்கலையா?" என்றார் அக்கா என் காலைப் பார்த்து.

"ஐயோ, இல்லக்கா."

"அப்ப நாங்க என்ன தப்புப் பண்ணோம்? கண்ணத் தொறந்து பாத்தா பாயில ஆளே இல்ல."

சொன்னேன். திக்கித் திக்கி, ஆங்கிலத்தில் அது இன்னும் விசித்திரமாக ஒலிக்க ஒலிக்கச் சொன்னேன். உங்களுக்கு மறுபடி துக்கம் வரக்கூடாது என்றுதான் சொல்லாமல் வந்தேன் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். என் ஈரக் கால்களைச் சுற்றித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நல்ல வழக்கம்" என்றார் கடைசியில். கொஞ்சம் சிரித்தார். பிறகு சொன்னார், "செவ்வாய்க்கிழம போன் பண்ணப்ப அப்பா, மேனேஜர் எங்கன்னு கேட்டாரு. சளி, லீவுன்னேன். அப்ப யாரைக் கேட்டுட்டுப் போறதுன்னாரு. நாளைக்குக் கேட்டுக்கோங்கன்னு சொல்லி வெச்சிட்டேன். அதான், பாய் காலியா இருந்ததும் எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. வேற ஒண்ணுமில்ல."

மூக்கு ஒழுகியதற்குப் பயந்து அவளை வீட்டிலேயே வைத்திருந்தது நான். அக்கா அதைக் குறையாகச் சொல்லவில்லை. துண்டை அவிழ்த்துக் கதவில் போட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். அவளும் தலை ஈரம், நானும் தலை ஈரம். குளித்துவிட்டுத் திரும்பத் துக்க வீட்டுக்குப் போகலாமா என்று எந்த ஊரிலும் கேட்கத் தேவையில்லாத கேள்வி ஒன்று வந்தது. மறுபடி குளித்துக்கொள்ளலாம் என்று அதற்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

நர்ஸ் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடிக்க, அக்கா தன் வீட்டுக்குத் திரும்பினார். பாய் அப்படியே கிடந்தது. அங்கிருந்தவர்கள் என் ஈரத் தலையைப் பார்த்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு கோப்பை டீ வந்தது. சாயங்காலம்வரை இருந்தேன். கிளம்பும்போது வாசலில் குழந்தையைத் தூக்கி அக்காவின் முகத்துக்குக் கீழே காட்டினேன். வாயால் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என்னவோ சொன்னாள். அதைச் சொல்லாமல் போனதாகவும் கணக்கு வைக்க முடியாது, சொன்னதாகவும் வைக்க முடியாது.

மறுநாள் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தலைக்கு ஊத்துனியா?"

"ரெண்டு தடவ அத்தை."

"புள்ளைக்கு மேலு சுடுதா?"

"இல்ல. நல்லா விளையாடறா."

"ம்." பிறகு, "அந்தப் பொண்ணு ஏதாச்சும் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். இட்லி சாப்பிட்டார் என்றேன். "பொடி வெச்சு அனுப்பியிருக்கலாம்ல" என்றார்.

அயர்லாந்தில் ஒருவர் இறந்து ஒரு மாதம் ஆனதும் அவருக்காக மறுபடி ஒரு பூசை உண்டாம். ஊரே வந்து, பிறகு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகுமாம். அந்த நாள் நெருங்கும்போது டாக்டர் அக்காவின் கண்ணைப் பார்த்து, குமிழ் கரைந்துவிட்டது, விமானம் ஏறலாம் என்றார். பள்ளியும் கோடை விடுமுறை விட்டிருந்தது. டிக்கெட் போட்டது அந்த வாட்ஸ்அப் குழுவில் யாரோ. விமான நிலையத்துக்குக் கூட்டிப் போக உயரமானவர் கீழே காரோடு காத்திருந்தார்.

நான் குழந்தையோடு லிஃப்ட் வரை போனேன். அக்கா தலை நிமிர்ந்து நின்று நான் பார்த்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. அவர் இவ்வளவு உயரம் என்பதையே மறந்துபோயிருந்தேன். அவரும் என்னைப் பார்த்து, "உனக்கு மூக்குத்தி இருக்கறதே எனக்கு மறந்துபோச்சு" என்றார். பெட்டியை உள்ளே தள்ளி, கதவு மூடாமல் காலை வைத்துக்கொண்டார். உள்ளே மேல்மாடிக்கார பாகிஸ்தானியர் ஒருவர் கையில் பிரியாணிப் பார்சலோடு நின்றிருந்தார்.

அக்கா குனிந்தார், இந்தத் தடவை தானாகவே. "மேனேஜர், நான் போகலாமா?"

அவள் அக்காவின் கழுத்தில் தொங்கிய பாஸ்போர்ட் உறையின் வாரைச் சப்பிக்கொண்டிருந்தாள். பதில் இல்லை. லிஃப்ட் கத்தத் தொடங்கியது. "யல்லா, பஹன்ஜி, போகலாம்" என்றார் பாகிஸ்தானியர், கோபமில்லாமல். அக்கா காலை எடுக்கவில்லை. நான் அவள் முதுகைத் தட்டினேன். காலையில் குடித்த பால்தான், ஒரு பெரிய ஏப்பம் வந்தது.

"ரொம்ப நன்றிங்க" என்றார் அக்கா அவளிடம்.

காலை எடுத்தார். கதவு மூடுவதற்குள் நான், "போயிட்டு வாங்கக்கா" என்றேன்.